பதினான்கு குழிகள்

என் வீட்டுக்காரருக்கு நிலாப் பைத்தியம். காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்வாசலில் முக்காலி போட்டு, முழங்கை நீளத் தொலைநோக்கியை அதன்மேல் நிறுத்தி, பொழுது சாயும்போதே கண்ணை ஒட்டிக்கொள்வார். நில அளவை அலுவலகத்தில் படம் வரைகிறவர். கை சும்மா இருக்குமா? நிலாவில் கண்ட குழிகளைத் தாளில் வட்டம் வட்டமாக வரைந்து, ஒன்று முதல் பதினான்கு வரை எண் போட்டிருந்தார்.

"இங்க வா புள்ள, ஏழாம் நம்பர் குழிக்குள்ள ஒரு மேடு இருக்கு. பாதி நிலாவுலதான் நிழல் விழும், இப்பவே பாத்துக்க" என்பார்.

"அரிசிப் பானை காலியாக் கெடக்கு, நெலாவுல குழி இருந்தா எனக்கென்ன?" என்று மரவள்ளிக்கிழங்கை வேகவைக்கப் போய்விடுவேன். அவர் சொன்னதைக் காதில் வாங்கினால்தானே!

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம், எவனோ ஒரு நாசமாய்ப் போனவன் காட்டிக்கொடுத்தான். ராணுவப் போலீஸ் வந்து தாளையும் அவரையும் கொண்டுபோனது. கடற்கரையில் பீரங்கி நிறுத்திய குழிகளை வேவு பார்த்து வரைந்தாராம். அதற்கு என்ன தண்டனை என்று ஊருக்கே தெரியும். பாசார் கடைத்தெருப் பக்கம் கம்பத்தில் குத்தி வைத்திருந்த தலையை நானே பார்த்திருக்கிறேன்.

ஐந்து நாள் அந்தப் போலீஸ் வாசலில் நின்று, "அது நெலாப் படம்" என்று கத்தினேன். ஆறாம் நாள் சாயங்காலம் அங்கே பேச்சை மொழிமாற்றிச் சொல்லும் தமிழ் துபாஷி வெளியே வந்தார்.

"அக்கா, அதிகாரி ஒரே ஒரு தடவ வந்து பாக்குறேங்கிறாரு. படமும் நெலாவும் ஒத்துப்போனா விட்டுருவாரு. இல்லேன்னா அவ்ளோதான். இன்னைக்கே வரலாமா?"

தலைக்கு மேலே பாதி நிலா இருந்தது. உயிர் போகிற காரியத்தை அரைகுறை நிலாவில் வைப்பார்களா? எங்கள் வீட்டில் எந்த நல்லதுக்கும் பௌர்ணமிதான்.

"வேணாம் தம்பி, பௌர்ணமி வரட்டும். முழுசாத் தெரியும். நல்ல நாளும்கூட."

"அதுவும் சரிதான்" என்றார்.

அந்த வாரம் முழுக்க விரதம் இருந்தேன். சேலைத் தலைப்பால் தொலைநோக்கிக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

பௌர்ணமியன்று நிலா தென்னைக்கு மேலே வந்ததும் அவரை வீட்டுப் பின்வாசலுக்கு அழைத்துவந்தார்கள். கை கட்டியிருந்தது, முகம் வீங்கியிருந்தது. அதிகாரி தாளை விரித்துவைத்து, தொலைநோக்கியில் நெடுநேரம் பார்த்தான். பிறகு என் கழுத்தைப் பிடித்துத் தொலைநோக்கியில் அழுத்தினான். அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சுண்ணாம்பு பூசிய தட்டு மாதிரி ஒரே வெள்ளை, நடுநடுவே அழுக்குத் திட்டு. குழி ஒன்றுகூட இல்லை.

"பௌர்ணமியில நிழல் விழாதுங்க. நிழல் இல்லேன்னா குழி தெரியாது. பாதி நிலாவுல பாருங்க" என்று அவர் கெஞ்சினார். துபாஷி அதைச் சொன்னதும் அதிகாரி சிரித்தான். முழு நிலாவில் தெரியாதது பாதி நிலாவில் தெரியுமா என்றானாம். அவன் சிரித்ததில் என்ன தப்பு? நானும் அப்படித்தானே நினைத்தேன், பாவி.

லாரிக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் துபாஷியைக் கேட்டார்: "பௌர்ணமின்னு நாள் குறிச்சது யாரு?"

துபாஷி என் பக்கம் திரும்பினார்.

"நான்தாங்க" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "ஒரு நாளாவது வந்து பாத்திருக்கலாமே, புள்ள" என்றார். அதற்குள் லாரியில் ஏற்றிவிட்டார்கள். அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.