உப்பு வைக்கிறவர் உட்கார்ந்த பந்தி

சமையல் ஒப்பந்தக்காரர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் வாழ்க்கை வரலாற்றைக் கேட்டார்கள். இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, மயிலாப்பூர் மண்டபங்களில் எச்சில் இலை எடுத்து, இன்றைக்கு இரண்டு வேன், முப்பத்தைந்து ஆட்கள் என்று நிமிர்ந்து நிற்கிற என் கதை இரண்டு பக்கத்தில் அடங்குமா? அதனால் அடங்கக்கூடிய ஆள் ஒருவனைப் பற்றி எழுதுகிறேன். அவனைக் கேட்டால் இரண்டு பக்கமே அதிகம் என்பான்.

பெயர் நாகராஜ். வயது ஐம்பத்திரண்டு. அடையாற்றுக் கரையில் பிறந்தவன். அங்கே குடிசைகளை எடுத்தபோது பெரும்பாக்கம் அடுக்குமாடிக்குப் போனவன். அங்கிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வருகிறான். என்னிடம் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறான். வேலை, இலையில் உப்பு வைப்பது.

வெளியாட்களுக்குத் தெரியாது, பந்தி பரிமாறுகிறவர்களுக்குள் மேல் கீழ் உண்டு. சாம்பார் வாளிக்காரன் ராஜா மாதிரி நடப்பான். நெய்க்காரனுக்கு அதைவிட மிடுக்கு. புதிதாகச் சேருகிறவன் கையில்தான் உப்புக் கிண்ணத்தைக் கொடுப்போம். மூன்றே மாதத்தில் அவன் ஊறுகாய், பொரியல் என்று ஏறிவிடுவான். நாகராஜ் மட்டும் ஏறவே இல்லை.

“வாளி தூக்குடா” என்றால், “வேணாம் மொதலாளி, என் கைக்கு உப்புதான் ஒத்துக்குது” என்பான்.

எண்ணூறு இலை போட்டாலும் அவன் கையால் ஓர் இலை விட்டுப்போனதில்லை. பாராட்டினால் தலையைச் சொறிவான். “அது உப்பு மொதலாளி. கொரங்கு கூட வெக்கும்.”

ஒருமுறை ஆழ்வார்பேட்டைக் கல்யாணத்துக்கு அவனை மேற்பார்வையாளராக்கி மெரூன் கோட்டு மாட்டிவிட்டேன். பாதிப் பந்தியில் பார்த்தால் கோட்டின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு உப்பு வைத்துக்கொண்டிருக்கிறான். “யாரோட சட்டையவோ திருடிப் போட்டாப்ல கீது மொதலாளி” என்றான். யாராவது “நீங்க யாரு?” என்று கேட்டால் அவனிடம் ஒரே பதில்தான்: “சும்மா, கூட வந்த ஆளு.”

அடையாற்றில் ஒரு பேராசிரியை அம்மா வீட்டுச் சாப்பாடு என்னுடையதுதான். அவர் சொன்னார், ஒவ்வொருவரும் மனசுக்குள் தன்னைப் பற்றி ஒரு படம் மாட்டி வைத்திருக்கிறார்களாம். பிறகு அந்தப் படத்துக்குத் தகுந்தபடிதான் நடந்துகொள்வார்களாம். சுயமதிப்பு என்று பெயர் சொன்னார். “இதுக்குக் காலேஜுக்குப் போகணுமாம்மா? எலை எடுக்குற காலத்துலயே நான் கண்டுபிடிச்சது ஆச்சே” என்றேன். என் மனசில் என் படம் சுவர் முழுக்க இருக்கிறது, சட்டம் போட்டு. நாகராஜ் வைத்திருந்தது ஆதார் அட்டைப் படம். யார் மூஞ்சி என்று அவனுக்கே அடையாளம் தெரியாது.

போன தை மாதம் அவன் மகள் கயல் என்னைப் பார்க்க வந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பயமில்லாமல் ஊசி குத்துகிற பெண். அவளுக்கும் கோடம்பாக்கம் கிஷோருக்கும் நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். சாப்பாடு என் பொறுப்பு.

“பெரியப்பா, மொதல் பந்தில எங்க நைனா மாமனார் பக்கத்துல உக்காரணும். எழுந்து உப்புக் கிண்ணத்தத் தூக்கக் கூடாது.”

“உப்பு வெக்கிறது உனக்கு வெக்கமா இன்னா?”

“வெக்கமா? எனக்கா?” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “நான் பட்டம் வாங்குனப்போ உள்ள வராம காலேஜ் கேட்டாண்ட நின்னுகினு இருந்தாரு பெரியப்பா. அவரே அவர ஓரமா நிக்க வெச்சுக்கிறாரு. அன்னிக்கும் அப்படி நின்னா, நாளைக்கு என்னையும் அந்த வூட்ல ஓரமாத்தான் நிக்க வெப்பாங்க. இந்த ஒரு பந்தி உக்காந்தா போதும்.”

நான் வாக்குக் கொடுத்தேன். நான் எடுத்த காரியம் தோற்றதாகச் சரித்திரம் இல்லை. மறுநாளே ஒரு மண்டபத்தில் கடைசிப் பந்தி முடிந்ததும் நாகராஜுக்கு உட்காரப் பயிற்சி ஆரம்பித்தேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். வாளிக்காரன் தாண்டிப் போனான், இவன் எழுந்தான். தண்ணீர்க்காரன் போனான், எழுந்தான். துடைப்பத்தோடு ஓர் அம்மா போனாள், அதற்கும் எழுந்தான்.

“இன்னாடா, அடில ஸ்பிரிங் வெச்சுக்கீறியா?”

“பழக்கமில்ல மொதலாளி. உக்காந்தா யாரோ திட்டப்போறாப்லயே கீது.”

நான்கு நாள் பயிற்சியில் ஒரே முன்னேற்றம்தான். துடைப்பத்துக்கு எழுவதை நிறுத்தினான்.

நிச்சயதார்த்த நாள். மயிலாப்பூரில் சின்ன மண்டபம். நான் ஒரு யோசனை செய்தேன். என் ஆட்கள் யார் உப்புக் கிண்ணத்தோடு வந்தாலும் இவன் பிடுங்கிக்கொள்வான். என் கையிலிருந்து பிடுங்குவானா? அதனால் உப்பை நானே எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் கழித்துப் பந்தியில் குனிகிறேன், அறுபத்தெட்டு வயதில். இடுப்பு என்ன சொன்னது என்பதை இங்கே எழுத முடியாது.

மாப்பிள்ளையின் அப்பா கங்காதரன், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மீசைக்காரர். அவர் பக்கத்தில் நாகராஜ். எதிர் வரிசையில் கயல், சாப்பாட்டைப் பார்க்கவில்லை, அப்பாவையே பார்க்கிறாள். இலை போட்டுத் தண்ணீர் தெளித்ததும் நாகராஜின் கால் மேஜைக்கு அடியில் ஆட ஆரம்பித்தது.

“இன்னா சம்பந்தி, உடம்புக்கு எதுனா பண்ணுதா?” என்று கங்காதரன் கேட்டார்.

“சும்மாங்க” என்றான். சும்மாவை விடமாட்டான் போலிருக்கிறது.

நான் வேகமாகத்தான் வைத்துக்கொண்டு போனேன். மூன்று இலை தாண்டியதும் நாற்காலி கிறீச்சிடும் சத்தம். நாகராஜ் பாதி எழுந்துவிட்டான். கண் கங்காதரனின் இலை மேல் இருந்தது. அங்கே உப்பு இல்லை. நான் விட்டுவிட்டேன்! நான்! கயல் தலையை ஆட்டினாள், லேசாக, வேண்டாம் என்று. இவன் அவளைப் பார்த்தான், இலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான். முதுகு நாற்காலியில் சாய்ந்தது. பிறகு ஒரு குரல் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

“மொதலாளி! சம்பந்தி எலைல உப்பு உட்டுட்டீங்க.”

பந்தியே திரும்பிப் பார்த்தது. நான் பின்னால் வந்து வைத்தேன்.

“அங்க இல்ல. எடது பக்கம். இன்னும் மேல. ஆங், மூலைல. இவ்ளோ அள்ளாதீங்க, பாதி போதும்.”

கங்காதரன் மீசைக்குள் சிரித்தார். “இன்னா சம்பந்தி, மொதலாளியையே வேலை வாங்குறீங்க? அவராண்ட உங்குளுக்கு இன்னா வேலை?”

எனக்குத் தெரியும் அடுத்து என்ன வரும் என்று. சும்மா, கூட வந்த ஆளு.

நாகராஜ் தொண்டையைச் செருமினான். “உப்பு நம்ம பொறுப்புங்க, இருபத்திரெண்டு வருசமா. இவுரு இன்னிக்குத்தான் மொத மொதல்ல வெக்கிறாரு. கொஞ்சம் முன்ன பின்னதான் வரும். பழகிடுவாரு.”

கயல் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் இலை எடுத்த காலத்தில் கூட யாரும் எனக்கு வேலை தெரியாது என்று சொன்னதில்லை. கிண்ணத்தோடு நடந்தேன். அடுத்த இலையில் இடது பக்கம், மேல் மூலை, பாதிக் கரண்டி. நாகராஜ் எட்டிப் பார்த்துத் தலையாட்டினான். பாயசம் வரைக்கும் எழவில்லை.

திங்கட்கிழமை நங்கநல்லூரில் கல்யாண வேலை. மெரூன் கோட்டை மறுபடி நீட்டினேன். “அது வாளிக்காரங்களுக்குக் குடுங்க மொதலாளி” என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டான். மண்டபத்து மேலாளர் வாசலில் நிறுத்தி, நீங்க யாரு என்று கேட்டிருக்கிறார்.

“உப்பு” என்றானாம். சொல்லிவிட்டு, நேராக உள்ளே போயிருக்கிறான்.