கஞ்சி குடித்தார் என்று வந்த சேதி

எனக்கு எழுபத்தெட்டு வயசு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அதில் ஒன்று செத்துப்போன என் தங்கச்சி பெற்றது, ஆனால் எது என்று இன்றுவரை வெளியாள் ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

காயெடுப்புக் காலம் என்றதும் எனக்கு முதலில் வருவது அம்மா கையின் வாசம். சக்குபள்ளத்துப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் பறித்துப் பறித்து விரலெல்லாம் கறுத்துக் கிடக்கும், அவள் உருட்டித் தருகிற சோற்றில்கூட ஏலக்காய் மணக்கும். எங்கள் சனம் எல்லாம் மலைக்குக் கீழே, கம்பத்துப் பக்கம். அங்கே ஒரு சாவு விழுந்தால் அதைச் சாவு என்று சொல்லிக்கொண்டு யாரும் மலையேற மாட்டார்கள். கேட்டவள் காட்டு வழியில் மயங்கி விழுந்தால் யார் தூக்குவது? அதனால் "மேலுக்கு முடியல, பாக்கணும்ங்கிறாரு" என்பார்கள், "காலையில கஞ்சி குடிச்சாரு" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்வார்கள். கேட்கிறவர்களுக்கும் விஷயம் தெரியும்; பேசாமல் வாய்க்கரிசியை முடிந்துகொண்டு இறங்குவார்கள்.

எனக்குப் பத்து வயசு இருக்கும். ஒரு காலையில், எப்போதும் சேதி கொண்டுவருகிற சுருளி மாமா மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"அக்கா, ஒங்க ஐயாவுக்கு மேலுக்கு முடியல."

அம்மா கூடையைப் போட்டுவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"அட, நிசமாவே உசுரோடதான் இருக்காருக்கா! கஞ்சி குடிச்சாரு. ஒன்னத்தான் கேக்காரு, வெரசா வா."

பக்கத்து லயத்து வீட்டுப் பேச்சியம்மா விடவில்லை. "எங்க மாமனாருக்கும் கஞ்சி குடிச்சாருன்னுதானடா சொன்ன? எறங்கிப் போயிப் பாத்தா மூக்குல பஞ்சு."

"ஆத்தா மேல சத்தியம்!"

"சத்தியத்துக்கு ஒண்ணும் கொறச்சலில்ல. போ, போயி ஆனைக்கரையில இருக்கிற இவ தம்பியக் கூட்டிட்டு வா."

சுருளி மாமா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். நம்பவைக்க அவரிடம் வேறு வார்த்தை இல்லை. எல்லாவற்றையும் இதற்கு முன்பே பொய்க்குச் செலவழித்திருந்தார்.

செத்தவர் காத்திருப்பார் என்று அம்மா நிதானமாகவே எல்லாம் செய்தாள். தம்பி வருகிறவரை காத்திருந்தாள், எங்களுக்குச் சோறு போட்டாள், பெற்ற மகள் வெறுங்கையோடு போகக் கூடாதென்று கடையில் கோடி வேட்டி வாங்கினாள். நாங்கள் மலையிறங்கித் தெருவுக்குள் நுழையும்போது விளக்கு வைக்கிற நேரம். கொட்டுச் சத்தம் இல்லை, வாசலில் கூட்டம் இல்லை. அம்மா தயங்கி நின்றாள். அப்புறம் ஓடினாள்.

"இப்பத்தான்டி," என்றாள் பாட்டி. "பொழுதெல்லாம் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு."

தாத்தா அப்போதுதான் செத்துப்போனார். தொட்டுப் பார்த்தேன், கால் இன்னும் சூடாக இருந்தது. கையில் கோடியோடு வந்து நின்றவளை ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அம்மா சுருளி மாமாவை ஒரு வார்த்தை வைததில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் சேதி கொண்டுபோன வீடுகளில் வாசலிலேயே "செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு, விழுகிறவளைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். எனக்கும் அப்போது அது குரூரமாகத்தான் பட்டது. ஆனால் அவள் "உசுரோட இருக்கு" என்று சொன்னால், உலையை இறக்கி வைக்காமல்கூடச் சனம் ஓடியது. போய்ச் சேர்ந்து முகம் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்று அந்த ஒற்றையடிப் பாதையைப் புதர் மூடிவிட்டது. எல்லார் கையிலும் போன் இருக்கிறது. சேதி மட்டும் "கொஞ்சம் சீரியஸ்" என்று சட்டை மாற்றிக்கொண்டு வருகிறது. பிள்ளைகள் முதலில் பூமாலைக்குச் சொல்லிவிட்டுத்தான் ஜீப்புக்குச் சொல்கிறார்கள். இருக்கிறது என்றால் இருக்கிறது என்று நம்பி ஓட, என் அம்மாவின் வாய் மாதிரி ஒரு வாய் இந்தப் பக்கத்தில் இல்லை.

முடிந்தது கண்ணு, முதலிலிருந்து வாசி. தாத்தா செத்துப்போனார் என்று நான் சொன்ன இடத்தில் நீ "இயற்கை எய்தினார்" என்று எழுதியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதை அடித்துவிட்டு வாசி.