என் மகள் காதில் கிடக்கும் தோடு

என் வேலை சம்பளம் போடுவது. சரக்கு அனுப்புகிற ஒரு கம்பெனி. சிங்கப்பூரில் தலைமை அலுவலகம், ஜொகூரில் ஒரு கிளை, சென்னையில் ஒரு கிளை. மூன்று ஊரிலும் ஒரே வேலையைச் செய்கிறவர்களுக்கு மூன்று விதமான சம்பளம். புதிதாகச் சேர்ந்தவர்கள் யாராவது ஏன் என்று கேட்டால், “அந்தந்த ஊர் விலைவாசிக்கு ஏத்த மாதிரி” என்று ஒப்பித்துவிடுவேன். சொல்லிச் சொல்லி நானும் அதை நம்பிவிட்டேன். என் தம்பியை வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கணக்கு உதைக்கும். அவன் இருப்பது சிங்கப்பூரில். வெயிலில் நிற்பது சிங்கப்பூரில். அவன் கம்பி கட்டுகிற வீடுகளில் குடிவரப்போவது சிங்கப்பூர்க்காரர்கள். சம்பளம் மட்டும் பட்டுக்கோட்டைப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் போடுகிற மாதிரி.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். நான் பி.காம் முடித்துக் கல்யாணமாகி சிங்கப்பூர் வந்தேன். கணவர் குடும்பம் மூன்று தலைமுறையாக இந்த ஊர். தம்பி ஐ.டி.ஐ. முடித்து, பின்னால் கட்டுமான வேலைக்கு ஒர்க் பெர்மிட்டில் வந்தான். நான் ஊரின் மேற்கே சுவா சூ காங்கில், வீவக என்கிற அரசாங்க அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். அவன் அதே மேற்குப் பக்கம் ஒரு விடுதியில் இருக்கிறான். பக்கத்தில்தான் என்றாலும் நாங்கள் சந்திப்பது என்னவோ ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில், தேக்காவில்தான். வீட்டுக்கு வாடா என்றால், “உங்க சோபால உக்காந்தா எந்திரிக்கத் தோணாதுக்கா, நமக்கு எதுக்கு அது?” என்று சிரிப்பான். ஜாலான் புசார் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்காருவோம். இஸ்திரி போட்ட சட்டை, பவுடர், படிய வாரின தலையோடு வருவான். வீடியோ அழைப்பில் அவன் மனைவியும் மகளும் வருவார்கள். என் மகளைவிட அவன் மகள் ஆறு மாதம் மூத்தவள்.

ஊரில் அவன் பெயரே சிங்கப்பூர்க்காரர். அவன் அனுப்புகிறதில் அங்கே ஒரு வீடு நடக்கிறது, மாமனாருக்கு மருந்து வாங்குகிறார்கள், திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போகிறது. அதே பணம் இங்கே என் ஐந்து வயது மகளின் நீச்சல் வகுப்புக்கும் எண்ரிச்மென்ட் என்கிற தனிப்பயிற்சி வகுப்புக்கும் சரியாகப் போய்விடும். இதை எழுதவே எனக்குக் கூசுகிறது. ஆனால் அதுதான் நிஜம், மறைத்து என்ன ஆகப்போகிறது?

மகளுக்குக் காது குத்த வேண்டும் என்று மாமியார் நாள் பார்த்தார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அவன் கொண்டு வருகிற தோட்டைத்தான் போட வேண்டும். மாமனை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது முறை. விடுதிக்குள் தாம்பாளத்தோடு போக முடியுமா? அதனால் புக்கிட் மேராவில் மாமியார் வீட்டுக்கே அவனை வரச்சொல்லித் தட்டைக் கொடுத்தோம். அங்கே என் சின்ன மாமியார் வந்திருந்தார். தங்கமான மனுஷி, ஆனால் வாய் சும்மா இருக்காது, பேச்சுக்குப் பேச்சு இந்த ஊர் ‘லா’ வேறு.

“மாமாவும் சிங்கப்பூர்லதானே வேலை பாக்குறாரு? அப்ப சீர் ஜோரா இருக்கணும் லா. சும்மா விட மாட்டோம்!”

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். நான் மட்டும் காபி எடுத்துவருகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் கேலியாகத்தான் சொன்னார், அவருடைய அண்ணன்மாரும் தம்பிமாரும் இங்கே பேங்கிலும் பள்ளிக்கூடத்திலும் இருப்பவர்கள். சிங்கப்பூரில் வேலை என்றால் ஒரே வேலை, ஒரே சம்பளம் என்று நினைத்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர்களும் அப்படித்தானே நினைக்கிறார்கள்!

அடுத்த ஞாயிறு அவனிடம் சொன்னேன்.

“வெறும் கையோட வாடா. மடி இருந்தாப் போதும்.”

“சரிக்கா.”

“சரிக்கான்னா என்ன அர்த்தம்? தோடு நான் வாங்கிடறேன். நீ தட்டுல வச்சு எடுத்துட்டு வா. யாருக்குத் தெரியப்போகுது?”

பொசுக்கென்று அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “நீ வாங்கி நான் வச்சா அது எப்படிக்கா மாமன் சீரு? அப்புறம் நான் எதுக்கு? ஒரு நாற்காலிய வாடகைக்கு எடுத்துக்க.” சாப்பிட்ட இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு ஞாயிறுகளில் அவன் தேக்கா பக்கம் வரவில்லை. ஓவர்டைம் என்றான்.

விழா அன்று முதல் ஆளாக வந்து நின்றான். கூட விடுதி நண்பர்கள் தட்டுகளோடு. பழம், பலகாரம், கண்ணாடி வளையல், பட்டுப் பாவாடை, நடுவில் சிவப்புப் பெட்டியில் தோடு. சின்னப் பூ, நடுவில் ஒரு சிவப்புக் கல், கீழே ஒரு மணி தொங்கியது. சின்ன மாமியார் பெட்டியை வாங்கி எல்லோருக்கும் காட்டினார். “பாத்தீங்களா, மாமா கலக்கிட்டாரு லா!” அவர் மனசாரத்தான் சொன்னார். நானும் பெருமைப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். என் தம்பி யாருக்கும் குறைச்சல் இல்லை என்று அந்தக் கூடத்தில் நெஞ்சு நிமிர்ந்தது. பத்தர் குத்தும்போது என் மகள் மாமனின் சட்டையைக் கடித்துக்கொண்டு அழுதாள், அவன் கண்ணிலும் தண்ணீர்.

பிறகு ஊருக்கு வீடியோ அழைப்பு போட்டோம். மகளின் முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்து, “மாமா போட்ட தோடு பாருங்க” என்றேன். தம்பி மனைவி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்புறம், “அழகா இருக்கு அண்ணி” என்றாள். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பிள்ளை எட்டிப் பார்த்தது.

“அம்மா, அது என் தோடும்மா! அப்பா கடையில காட்டுச்சுல்ல!”

தம்பி மனைவி போனைத் திருப்பிவிட்டாள். சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. பக்கத்தில் நின்ற தம்பிக்கும் கேட்டது.

அடுத்த ஞாயிறு அவன் தேக்காவுக்கு வந்து விஷயத்தைச் சொன்னான். அவன் மகளுக்கும் தை மாதம் காது குத்துவதாக இருந்தது, லீவில் போகும்போது எடுத்துப் போக வாங்கி வைத்தது அது. கடையிலிருந்தே வீடியோவில் காட்டி, பிள்ளை கை நீட்டித் தேர்ந்தெடுத்த தோடு.

“ஏன்டா இப்படிப் பண்ணினே? பச்சைப் புள்ளைக்குக் காட்டிட்டுப் பறிக்கலாமா?” கடை என்றும் பார்க்காமல் கத்தினேன். “இப்பக் கழட்டிக் குடுக்கவும் முடியாது. புண்ணு ஆறணும்.”

“கழட்டுனா நான் உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்றான். “சீரைத் திருப்பிக் குடுத்தா உறவே வேணாம்னு அர்த்தம்.”

“சரி, திருப்பலை. நான் அத்தை. என் மருமகளுக்கு அத்தை முறையில ஒண்ணு செய்யறேன். அதே மாதிரி, இன்னும் கொஞ்சம் பெருசா. அதுக்கு என்ன சொல்றே?”

எனக்கு அது பெரிய காசே இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். அவன் தண்ணீர் டம்ளரை மேசையில் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தான்.

“அங்கயும் ஒரு தாய்மாமன் இருக்காருக்கா. எம் மச்சான். ரைஸ் மில்லுல மூட்டை தூக்குறாரு. அவரால முடிஞ்சதை ஒரு கிராமோ ரெண்டு கிராமோ எடுத்துட்டு வருவாரு. நான் வாங்குனதைக்கூட பின்னாடி, சித்திரைக்குப் போட்டுக்கலாம்னுதான் வச்சிருந்தேன். நீ சிங்கப்பூர்த் தங்கத்தைப் பந்தல்ல எறக்குனா அந்த மனுசன் எங்க போய் நிப்பாரு? தலை குனிஞ்சிருவாருக்கா. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”

என் வீட்டில் அவன் நின்ற இடத்தில், அவன் வீட்டில் இன்னொருவர் நிற்கிறார். நான் எத்தனை நல்ல மனசோடு கொடுத்தாலும் என் காசு கனமாகத்தான் விழும். ஆபீசில் ஊருக்கு ஒரு சம்பளம் என்று ஒப்பிக்கிறவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? கம்பெனி மேல் கோபம் வந்தது, சின்ன மாமியார் மேல் வந்தது, கடைசியில் யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

தை மாதம் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. கட்டடம் முடிகிற நேரம், யாரையும் அனுப்ப மாட்டோம் என்றுவிட்டார்கள். நாள் குறித்தாகிவிட்டது, தள்ளிப்போட முடியாது. நான் என் மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். பாவாடைத் துணியும் பழமும் மட்டும் தட்டில் வைத்தேன். நான் புதிதாக வாங்கிய, சிவப்புக் கல் வைத்த தோடு ஒன்று கைப்பையின் அடியில் இருந்தது. எப்படியாவது தம்பி மனைவியிடம் தனியாகக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

அந்த மச்சான் புது வேட்டி கட்டி, கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் கொண்டு வந்தது மிளகு அளவு ஒரு பொட்டுத் தோடு. ஊசி குத்தும்போது பிள்ளை அழுதது. அவர் பிள்ளையின் முகத்தைத் தன் நெஞ்சில் அழுத்திக்கொண்டார். கூடத்தில் எல்லோரும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றார்கள். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அடுப்படியில் தம்பி மனைவியின் கையில் பெட்டியைத் திணித்தபோது, “வேணாம் அண்ணி, எங்கண்ணன் போட்டதே காதுல கிடக்கட்டும்” என்று என் பையிலேயே திருப்பி வைத்துவிட்டாள்.

சிங்கப்பூரில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். தம்பி சைட்டிலிருந்து அழைத்தான். ஆரஞ்சு ஹெல்மெட், பின்னால் சிமெண்டுச் சுவர். நான் போனைப் பிள்ளையிடம் கொடுத்தேன். அழுது சிவந்த மூக்கோடு அவள் தன் காதைக் காட்டினாள். பிறகு என் மகளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, அவள் காதில் தொங்கிய மணியை ஒரு விரலால் தொட்டு ஆட்டினாள்.

“அப்பா, என் தோடு பாப்பாவுக்கு நல்லா இருக்குப்பா.”

போனில் ஹெல்மெட்டின் உச்சி மட்டும்தான் தெரிந்தது. அவன் தலை குனிந்திருந்தான்.