அளந்து கொடுத்த தண்ணீர்

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் உடனே பதில் வரும். மீன் வெட்டுகிறவர் சொல்வார், ஓட்டோக்காரர் சொல்வார், கல்யாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருக்கிற பெண்ணும் சொல்வாள். மூன்று லீட்டர். வெறும் வயிற்றில் இரண்டு கிளாஸ். இளஞ்சூடாக இருந்தால் இன்னும் நல்லம். யாரோ ஒரு டொக்டர் போனில் சொன்னாராம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். இப்போது யாராவது அந்தக் கதையை எடுத்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். வாயைத் திறந்தால் எனக்கு நல்ல சொல் வராது.

என் கணவருக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல். காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். அந்த வெயிலில் அவர் குடிப்பதெல்லாம் பிளேன்ரீயும் கடைச் சோடாவும்தான். நான் பெரிய போத்தல் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன். அது போனபடியே திரும்பி வரும். கேட்டால், “விடாய்க்கல்ல புள்ள, தாகமே இல்ல, என்ன செய்யச் சொல்றாய்?” என்பார். சீனி வருத்தமும் பிரஷரும் ஏற்கெனவே இருந்தன. கிளினிக்கில் நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் காது புளிக்கச் சொன்னேன், சண்டை பிடித்தேன், இரண்டு நாள் கதைக்காமலும் இருந்து பார்த்தேன். மனிதர் அசையவில்லை.

பிறகு இரண்டு சிறுநீரகமும் வேலையை விட்டுவிட்டன. கிழமைக்கு இரண்டு முறை ஆசுபத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்றானது. அங்கேதான் நான் இதுவரை கேட்டதெல்லாம் தலைகீழானது. அந்த வாட்டில் பாண்டிருப்பைச் சேர்ந்த நேர்ஸ் ஒருத்தி இருந்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“அக்கா, இனி இவருக்குத் தண்ணி அளந்துதான் குடுக்கணும். நேத்து எவ்வளவு சலம் போச்சோ அவ்வளவு, அதோட அரை லீட்டர். அதுக்கு மேல வேணாம். சோறு, கறி, பழம் எல்லாத்துக்குள்ளயும் தண்ணி இருக்கு. அதையும் யோசிங்க.”

“விடாய்க்குது எண்டு கேட்டா?”

“கேப்பார்தான். குடுத்திராதீங்க. உள்ள போற தண்ணி வெளிய வர வழியில்ல அக்கா. முதல்ல கால்ல நிக்கும். பிறகு நெஞ்சுல ஏறும். நெஞ்சுல ஏறினா மூச்சு விட ஏலாது.”

தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று வருடக்கணக்காகக் கத்திய அதே வாயால் குடிக்காதே என்று கத்த வேண்டி வந்தது. குடிக்க வேண்டிய காலத்தில் விடாய்க்காத மனிதருக்குக் குடிக்கக் கூடாத காலத்தில் விடாய் பிடித்து ஆட்டியது.

காலையில் ஒரு போத்தலில் அன்றைய தண்ணீரை ஊற்றி வைப்பேன். மாத்திரைக்கு ஒரு மிடறு. தேத்தண்ணீர் சின்னக் கோப்பையில் பாதி. ஆணக் குழம்பு சோற்றில் பட்டும் படாமலும். வாய் காய்ந்தால் ஐஸ் கட்டி ஒன்று, அதையும் போத்தலில் கழிப்பேன். ஏலக்காய் மெல்லக் கொடுப்பேன், தேசிக்காய்த் துண்டை நாக்கில் வைப்பேன். “எல்லாருக்கும் வருஷத்துல ஒரு மாசம் நோன்பு. எனக்குப் பன்னிரண்டு மாசமும்” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பத்திக்கொண்டு வரும். அழுகையும் வரும்.

அவர் தொழுகைக்காகக் கைகால் கழுவி வுளூச் செய்யும்போது நான் குழாயடியில் போய் நிற்பேன். வாய் கொப்பளிக்கிற சாட்டில் மூன்று முறையும் தண்ணீரை விழுங்கிவிட்டு வருகிறார் என்பதை ஒரு நாள் கண்டுபிடித்தேன். அதன் பிறகு அவர் துப்புவதைக் கண்ணால் கண்டால்தான் எனக்கு நிம்மதி. தொழப் போகிற மனிதனை உளவு பார்த்தவள் என்று என்னைச் சொல்லட்டும். பக்கத்து வளவிலிருந்து பார்த்தவர்கள் சொல்லத்தான் செய்தார்கள். “புரிசன் வுளூ எடுக்கக்குள்ளயும் காவல் நிக்கிறாவாம்” என்று அது தெரு முழுக்கப் போய்விட்டது. போகட்டும் என்று விட்டேன். மனிதர் உயிரோடு இருந்தால் எனக்குப் போதும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் எங்கள் ஊரில் ஒருவர் நோயில் விழுந்தால் சும்மா விடுவார்களா? விசாரிக்க வந்துகொண்டே இருப்பார்கள். வெறுங்கையோடும் வரமாட்டார்கள். செவ்விளநீர்க் குலை, தோடம்பழம், ஓதின தண்ணீர். இந்தப் பள்ளிவாசலில் ஓதியது, அந்த அவ்லியாவின் இடத்தில் ஓதியது, யாசீன் ஓதியது. ஒவ்வொருவரும் தங்கள் கண் முன்னால் அவர் குடிக்க வேண்டும் என்று நிற்பார்கள். நான் வாங்கி, “அஸருக்குப் பிறகு குடுக்கிறன்” என்று சொல்லி உள்ளே கொண்டுபோவேன். ஓதிய தண்ணீரைக் கால் படுகிற இடத்தில் ஊற்றக் கூடாது என்பதற்காகத் தென்னைமரத்தின் அடியில் ஊற்றுவேன். அதையும் யாரோ கண்டுவிட்டார்கள்.

எல்லாரிலும் பெரிய தலையிடி மதினிதான், அவருடைய ராத்தா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். தம்பி மேல் உயிர், மறுக்கவில்லை. ஆனால் அந்த உயிரை என் தலையில்தான் கொண்டுவந்து கொட்டுவார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு பெண்ணுக்குச் சீதனம். ஆகவே மதினி என் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து, என் கதிரையில் இருந்து, எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொல்வார்.

“அவனுக்கு எண்டு ஒரு ஊடு இருந்திருந்தா ஒரு மிடறு தண்ணி அவனே எடுத்துக் குடிச்சிருப்பான்.”

“மதினி, டொக்டர் சொன்னதத்தான் நான் செய்றன்.”

“என்ன டொக்டரோ! தண்ணி குடிக்காமத்தான் இந்த வருத்தம் வந்த எண்டு நீதானே சொன்னாய்? இப்ப தண்ணி குடுக்காம வருத்தத்த மாத்தப் போறியா?”

மூன்று லீட்டர்க் கதையை ஊருக்குப் படிப்பித்தவர்கள் அதில் பாதியைத்தான் படிப்பித்தார்கள். மற்றப் பாதியைச் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன். என் பேச்சு யாருக்கு வேண்டும்!

மதினி மக்காவுக்கு உம்றாப் பயணம் போய் வந்தார். வந்த மறுநாளே பெரிய போத்தல் நிறைய அங்குள்ள ஸம்ஸம் கிணற்றுத் தண்ணீரோடு வந்து நின்றார். கஃபாவில் தம்பிக்காக அழுது கேட்டாராம். அவர் முகத்தைப் பார்க்க எனக்கும் மனம் இளகியது. அன்றைய தேத்தண்ணீரை நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டு, சின்னக் கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

மதினி கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதென்ன, பேனுக்கு மருந்து பூசவா? ஸம்ஸம வயிறு நிறையக் குடிக்கணும் புள்ள. நிய்யத்து வெச்சுக் குடிச்சா நோய் போகும்.”

“இவ்வளவும்தான் ஏலும், மதினி.”

“ஸம்ஸமுக்கும் அளவா? அல்லாஹ்வே! இந்த ஊட்டுல ஈமானும் அளந்துதான் குடுக்கிறயா?”

என் கணவர் கிப்லாத் திசையைப் பார்த்து எழுந்து நின்று, பிஸ்மில்லாஹ் சொல்லி, அந்தக் கோப்பையைக் குடித்தார். கடைசித் துளிக்காகக் கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்தபடி நின்றார். மதினி அழுதார். நான் மதினிக்குத் தேத்தண்ணீர் ஊற்றக் குசினிக்குப் போய் வந்தேன். கொஞ்ச நேரத்தில் மதினி ஸலாம் சொல்லிப் போய்விட்டார். மிச்ச ஸம்ஸமையும் தன்னோடு கொண்டு போய்விட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாள் என் கணவர் ஒரு முறைகூடத் தண்ணீர் கேட்கவில்லை. பகல் சாப்பாட்டோடு கேட்கவில்லை, மாத்திரையோடு கொடுத்த மிடறைக்கூட, “போதும் புள்ள” என்றார். எனக்குச் சந்தோஷம்! பாவி மனிசன் பழகிவிட்டார், இனிப் பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். விடிந்தால் ஆசுபத்திரி. இந்த ஒரு நாளைக் கடத்தினால் சரி என்று நிம்மதியாகக் குளிக்கவும் போனேன்.

பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்போது அவருக்கு மூச்சு இளைத்தது. படுக்க ஏலவில்லை. நிமிர்த்தித் தலையணையை முதுகுக்கு வைக்க இழுத்தபோது கட்டிலுக்கும் சுவருக்கும் இடையிலிருந்து ஒரு போத்தல் உருண்டு விழுந்தது. பெரிய போத்தல். உள்ளே ஒரு சொட்டும் இல்லை. நான் அதையும் பார்த்தேன், அவரையும் பார்த்தேன். ரப்பே, அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

“என்ன செஞ்சு வெச்சிருக்கிறீங்க?”

“நான்தான் குடிச்ச. ராத்தா வெச்சிட்டுத்தான் போன. குடிச்சது நான்தான்.” ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. “அவக்கிட்டச் சொல்லிராத புள்ள. அவ தாங்கமாட்டா.”

ஓட்டோவில் ஆசுபத்திரிக்குப் போகும் வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து காற்றுக்கு வாயைத் திறந்து திறந்து மூடினார். உள்ளே கொண்டுபோனார்கள். இயந்திரத்தில் போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பாண்டிருப்பு நேர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நெஞ்செல்லாம் தண்ணி, அக்கா” என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன்.

ஜனாஸா வீட்டிலேயே கதை தொடங்கிவிட்டது. நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் நான் இத்தா இருந்த அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு துணிதான். அடுத்தவர் கதைப்பது அப்படியே கேட்கும். “தண்ணி தண்ணி எண்டு கேட்டே மௌத்தானாராம்.” “ஸம்ஸமையும் குடுக்கல்லயாம்.” “என்ன கல் மனசு!” இதையெல்லாம் சொல்லிவிட்டு என்னிடம் வந்து, கட்டிப்பிடித்து, ஸபூர் செய் மகள், பொறுத்துக்கொள் என்பார்கள். என் அரிசிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு என்னைக் கொலைகாரியாக்கினார்கள். மதினி வாய் விட்டுச் சொல்லவில்லை. அழுதார். ஒவ்வொரு முறையும், “என்ட தம்பி விடாயோட போயிட்டான்” என்று சொல்லி அழுதார். அது போதாதா?

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் கணவர் கேட்ட கடைசி விஷயம் அது, அதனால் மூடினேன். வேறு காரணமும் உண்டு. நான் சொன்னால் யார் நம்புவார்கள்? ஸம்ஸமில் ஒரு குற்றமும் இல்லை, அதை நானும் நம்புகிறவள்தான். குற்றம் அளவில். இந்த ஊரில் அந்த இரண்டையும் பிரித்துச் சொல்லப் போனால் மார்க்கத்தை விட்டவள் என்று என்னைத் திரும்பக் கலிமா சொல்லச் சொல்வார்கள். அந்த அறைக்குள் இருந்து மனதுக்குள் மதினியோடு எத்தனை முறை சண்டை பிடித்திருப்பேன்! ஒரு வசனத்தில் அவரை விழுத்த என்னால் ஏலும் என்பது மட்டும்தான் எனக்கிருந்த ஆறுதல்.

இத்தா முடிந்த கிழமை மதினி காலையிலேயே வந்தார். பள்ளிவாசல் மதிலோடு, ரோட்டுப் பக்கமாக, தம்பியின் பேரில் குடிதண்ணீர்க் குழாய் வைக்கிறார்களாம். வடிகட்டியும் உண்டு, குளிர்விக்கிற பெட்டியும் உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு துஆ ஓதித் திறப்பார்களாம்.

“நீயும் வா புள்ள. விடாயோட போனவன்ட பேரால ஊர் குடிக்கட்டும். அந்த நன்மையாவது அவனுக்குப் போய்ச் சேரட்டும்.”

அவ்வளவுதான். என்னால் அடக்க ஏலவில்லை.

“அவர் விடாயோட போகல்ல, மதினி. நீங்க கட்டிலுக்குப் பின்னால வெச்சிட்டுப் போன தண்ணியக் குடிச்சுத்தான் போனார். அந்தத் தண்ணிதான் அவர்ர நெஞ்சுல ஏறின. கேட்டுக்கங்க. நான் குடுக்காததால இல்ல. நீங்க குடுத்ததால.”

சொல்லிவிட்டேன். மதினியின் முகம் வெளிறியது. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உடைந்து விழுவார் என்று நான் காத்திருந்தேன். விழ வேண்டும் என்றுதான் காத்திருந்தேன்.

“நீ அத எடுத்துப் போட்டிருப்பாய் எண்டு நினைச்சன்” என்றார் மெதுவாக. “முழுக்கவா குடிச்சான்?”

“ஓம்.”

“ஒரு சொட்டும் மிச்சம் இல்லியா?”

“இல்ல.”

மதினி இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டார்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். “அப்ப என்ட தம்பி வயிறு நிறையக் குடிச்சிட்டுத்தான் போயிருக்கான்.”