லால்குடி நிலை

கதை இல்லை இது, நடந்தது. அரியமங்கலத்தில் கியாசுதீன் கம்பெனி, ஐம்பத்திரண்டில் ஒரு மரப்பட்டறையாகத் தொடங்கி வீடு கட்டும் அளவுக்கு வளர்ந்தது. ஆனால் பழைய வாசல் நிலையை மட்டும் சும்மா கொடுத்தாலும் தொடமாட்டார்கள். காரணம், அறுபத்தொன்றில் கியாசுதீன் தனக்கென்று கட்டிக்கொண்ட வீடு.

லால்குடியில் இடித்த வீட்டின் தேக்கு நிலையைக் கண்டதும் மனுஷனுக்கு ஆசை விடவில்லை. யாரோ வாழ்ந்த வாசல் நமக்கு எதற்கு என்று லூர்து மேஸ்திரி தடுத்துப் பார்த்தார். முதல் நாளிலிருந்து கம்பெனியில் இருப்பவர். ஆசைக்கு ஏது காது? நிலை தலைவாசலில் ஏறியது. அதன் வழியேதான் ஏழு மாதக் கர்ப்பிணி மனைவி நஜீமா வலது கால் வைத்து உள்ளே வந்தாள்.

மறுநாள் உச்சி வெயில். லுஹர் பாங்கு ஓய்ந்த நேரம். படியைத் தாண்டி ஓர் ஈரக் கால்தடம். பெண் கால். நஜீமாவோ படுக்கையை விட்டே எழவில்லை.

கியாசுதீன் துடைத்தான். அடுத்த நாள் இரண்டு. தினமும் ஒன்று கூடியது. எல்லாம் நஜீமாவின் அறையைப் பார்த்து...

தலைவாசலுக்குத் தாழ் போட்டான். தாழ் போட்டபடியே இருந்தது. தடமும் இருந்தது.

"என்னங்க, மத்தியானத்துல என் ரூம் வாசல்ல யாரு வந்து நிக்கிறது?" என்றாள் நஜீமா.

கட்டிடக்காரனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே! அன்று சாயங்காலமே கியாசுதீன் லூர்துவை வைத்து நிலையைப் பெயர்த்தான். அந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, வேறு பக்கம் வழி திறந்தான்.

மறுநாள் உச்சியில் தரை காய்ந்து கிடந்தது. அப்பாடா என்றிருந்தது.

அதற்கடுத்த நாள் லூர்து லால்குடியில் விசாரித்துவிட்டு வந்தார். அந்த வீட்டு மருமகளாம். நிறைமாதம். உச்சி வெயிலில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். தட்டித் தட்டி ஓய்ந்து, கிணற்றில் விழுந்துவிட்டாளாம்.

"உள்ள வரத்தான் பார்த்திருக்கா பாவம். அதான் வாசலையே அடைச்சிட்டோமே," என்றான் கியாசுதீன்.

லூர்து தலையை நிமிர்த்தவில்லை.

"தடமெல்லாம் உள்ள வந்ததுதானே பாய்... வெளிய போன தடம் ஒண்ணாவது பார்த்தீங்களா?"

லுஹர் பாங்கு கேட்டது.

சளக்...

அறையிலிருந்து நஜீமாவின் குரல்.

"என்னங்க... கட்டில்ல என் பக்கத்துல ஈரமா இருக்கு..."