இரண்டாவது சுற்றில் சொன்ன பெயர்

பிட்ச்சில் நனைத்து விரித்த தென்னைநார் மேட்டிங்கில் வெயில் ஏறும்போது ஒரு வாசனை வரும். சங்கரன்கோவிலில் அந்த வாசனை வந்துவிட்டால் கிரிக்கெட் டோர்னமென்ட் தொடங்கப்போகிறது என்று அர்த்தம்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தைந்து வயது, உரக்கடையில் வேலை. முந்தைய வருடம் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் ஒரே அணியில் சேர்ந்துகொண்டு மற்ற அணிகளைத் துவைத்து எடுத்துவிட்டார்கள். அதனால் புது விதி வந்தது. சுற்றுவட்டாரத்து ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் பொது. நான்கு கேப்டன்கள் முறை வைத்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லி எடுக்க வேண்டும்.

நானும் ஒரு கேப்டன்...

தங்கராஜ் என் கூட்டாளி. வேகப்பந்து போடுவான். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரே அணி. "மொத ரவுண்டுல கீப்பர எடுத்துருலே. ரெண்டாவதா என்னைய எடு, போதும்" என்று சொல்லிவைத்திருந்தான்.

சரி என்றுதான் தலையாட்டினேன்.

ஆனால் என் மனதில் இன்னொருவன் இருந்தான். பனவடலிசத்திரத்து இசக்கிமுத்து, இருபது வயது. யாரும் அவனை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. முந்தைய வருடம் ஆறு மேட்சில் அறுபது ரன், அவ்வளவுதான். அந்த மேட்சுகளுக்கு ஸ்கோர் நோட்டு எழுதியவன் நான். எட்டாவதாக இறங்கி, அந்த அறுபதையும் முப்பத்திநாலே பந்தில் அடித்திருந்தான். அப்போதெல்லாம் பந்தை யார் எண்ணினார்கள்?

பஸ் ஏறிப் போய் அவன் ஊரிலும் அவன் ஆடுவதைப் பார்த்தேன். எவ்வளவு வேகமாக வந்தாலும் பந்தைக் கடைசிவரை வரவிட்டுத்தான் அடித்தான். திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் ஒரு புல்லட் நின்றது. நான்கு கேப்டன்களில் ஒருவரான காதர் அண்ணாச்சியின் வண்டி. அவரும் இசக்கிமுத்துவைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட வகுப்பறை. பெஞ்சுகளில் எல்லா ஆட்டக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் சுற்றில் கீப்பரை எடுத்தேன். இரண்டாவது சுற்றில் என் முறை வந்தது. எனக்கு அடுத்து காதர் அண்ணாச்சி. தங்கராஜை எடுத்தால் இசக்கிமுத்து போய்விடுவான். இசக்கிமுத்துவை எடுத்தால்...

தங்கராஜ் எழுந்திருக்கத் தயாராகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"சொல்லும்வே, எவ்வளவு நேரம்?" என்றார் காதர் அண்ணாச்சி.

"இசக்கிமுத்து" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். பின்பெஞ்சிலிருந்து இசக்கிமுத்து, "அண்ணாச்சி, என்னையவா சொன்னீய?" என்று கேட்டான். தங்கராஜ் தலையைத் தூக்கவே இல்லை. அடுத்த மூச்சில் காதர் அண்ணாச்சி அவன் பெயரைச் சொல்லிவிட்டார்.

ஃபைனலில் எங்களுக்கு எதிராகக் காதர் அண்ணாச்சி அணி. கடைசி ஓவர், பதினோரு ரன் வேண்டும். பந்து தங்கராஜ் கையில், எதிரே இசக்கிமுத்து.

முதல் மூன்று பந்தும் பேட்டில் படவே இல்லை. நான்காவது பந்து காம்பவுண்டு சுவரைத் தாண்டிப் பறந்தது. ஐந்தாவதில் ஒரு ஃபோர். இன்னும் ஒரு ரன். கடைசிப் பந்தை மிட்-ஆஃப் பக்கம் தட்டிவிட்டு ஓடினான். ஜெயித்துவிட்டோம்.

தங்கராஜ் நேராக வந்து இசக்கிமுத்துவின் தோளைத் தட்டினான். "நல்லா அடிச்சடே" என்றான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஒங் கணக்கு சரியாத்தாம்ல இருந்திருக்கு."

அதற்குப் பிறகு அவன் எங்கள் அணிக்குத் திரும்பவில்லை. அடுத்த வருடம், விரும்பிய அணியில் ஆடலாம் என்ற பழைய விதியே வந்தும், காதர் அண்ணாச்சியோடுதான் ஆடினான். என் கல்யாணத்துக்கு வந்தான், சாப்பிட்டான், போனான். பிறகு வேலைக்குத் திருப்பூர் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது என் பேரன் செல்போன் கிரிக்கெட் விளையாட்டில் டீம் எடுக்கிறான். கட்டைவிரலால் நாலு பேரைத் தூக்கிவிட்டு வேறு நாலு பேரைப் போடுகிறான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "நீ தூக்குனவன் வருத்தப்பட மாட்டானாடே?" என்று கேட்டேன். "அவனுக்கு எப்படித் தாத்தா தெரியும்?" என்று சிரிக்கிறான்.

இந்த வாட்ஸ்அப் குரூப்பில் நம்ம ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தங்கராஜின் நம்பர் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள்...