“உங்க விண்ணப்பம் என்னம்மா?”

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, கடலூரில் மனு வாங்கிக்கொண்டிருந்த ஓர் அரசு அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். அமைச்சர் யாரும் வரவில்லை. எதிரே நின்றது எங்கள் எஸ்தர். கண்ணை மூடி, கைகூப்பி, ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்... சத்தமாக!

சிரிக்காதீர்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

எஸ்தர் எங்கள் சபையின் பெண்கள் சங்கச் செயலாளர். எங்கள் ஊர், கடலூர் - சிதம்பரம் மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. காலையில் ஊருக்குள் வந்து சிதம்பரம் போகிற டவுன் பஸ் ஒன்று இருந்தது. குழாய் புதைக்கிறோம் என்று ரோட்டைத் தோண்டினார்கள், பஸ் நின்றது. பிறகு ரோட்டைப் போட்டார்கள். பஸ் மட்டும் வரவில்லை. ஏன்? யாரும் போய்க் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எஸ்தரின் மகள் ஜெனிபர் சிதம்பரத்தில் காலேஜ் இரண்டாம் வருஷம். பஸ் நின்றதிலிருந்து சவுக்குத் தோப்பு வழியாக மெயின் ரோடு வரை நடை. ஒரு நாள் காலையில் எவனோ ஒருத்தன் பின்னாலேயே வந்திருக்கிறான். பெண் அலறியடித்துக்கொண்டு வீட்டுக்கே திரும்பி ஓடி வந்துவிட்டது. எஸ்தரின் வீட்டுக்காரர் சௌந்தர் அன்றைக்கே முடிவு சொல்லிவிட்டார்.

“படிச்ச வரைக்கும் போதும். இனிமே காலேஜுக்குப் போவ வேணாம்.”

பின்னால் வந்தவன் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருப்பான். இவள் படிப்பு மட்டும் நிற்க வேண்டும். இது என்ன நியாயம்? எனக்கு வந்த கோபத்துக்கு... சரி, விடுங்கள்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து பெண்கள் சங்கம் கூடியது. அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை விருந்துக்குப் பிரியாணியா, சாம்பார் சாதமா என்பதுதான் பேச வேண்டிய விஷயம். எஸ்தர் வாயைத் திறக்கவில்லை. “என்னா எஸ்தர், ஒடம்பு சரியில்லையா?” என்று யாரோ கேட்டதும் அழுதுவிட்டாள். விஷயம் வெளியே வந்தது. பார்த்தால், அந்த பஸ் இல்லாமல் அவதிப்படாத வீடே இல்லை!

எங்கள் சங்கத்தில் ‘வீடு சந்திப்பு’ என்று ஒரு வழக்கம் உண்டு. இரண்டு இரண்டு பேராக வீடுகளுக்குப் போய், நலம் விசாரித்து, ஜெபம் பண்ணிவிட்டு வருவோம். கடலூருக்குப் போய் மனு கொடுப்போம், இந்தத் தடவை சர்ச்சுக்கு வராத வீடுகளுக்கும் போய்க் கூப்பிடலாம் என்றார் ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி. அங்கெல்லாம் ஜெபம் வேண்டாம், பஸ்ஸைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லியும் அனுப்பினார்.

எஸ்தரும் நானும் ஒரு ஜோடி. பேசியதெல்லாம் நான்தான். அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்று தலையாட்டினாள். நூர்ஜஹான் வீட்டில் டீ கிடைத்தது. அவள் சிதம்பரத்தில் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள்.

“லேட்டா போனா மொதலாளி வேற ஆளு பாத்துடுவேங்கறாரு. ஷேர் ஆட்டோக்காரன் ரொம்ப ஜாஸ்தி கேக்கறான். நானும் வரேன் எஸ்தரு, எங்க தெரு பொம்பளைங்களயும் கூட்டியாரேன்” என்றாள்.

சரி, ஆபீஸில் யார் பேசுவது? எல்லாரும் எஸ்தரைக் கை காட்டினார்கள்.

“ஐயோ, எனக்குப் பேச வராதுக்கா. ஜெபம்னா பண்ணிடுவேன்.”

பொய்யில்லை. மைக்கைக் கொடுத்தால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கண்ணை மூடி ஜெபம் பண்ணச் சொன்னால்... அடேயப்பா! ஒரு வீட்டுக் கஷ்டத்தையும் விடமாட்டாள். பெயர் சொல்லிச் சொல்லிக் கேட்பாள். ஐயரம்மா விடவில்லை. “உன் புள்ள விஷயம், நீதான் பேசணும்” என்றார்.

திங்கட்கிழமை எல்லாருமாகக் கடலூர் போனோம். அந்த அதிகாரி நல்ல மனிதர்தான். நிமிர்ந்து பார்த்து, மரியாதையாகத்தான் கேட்டார்.

“சொல்லுங்கம்மா, உங்க விண்ணப்பம் என்ன?”

வந்தது வினை! ஆபீஸில் விண்ணப்பம் என்றால் மனு. எங்கள் சபையில் விண்ணப்பம் என்றால் ஆண்டவரிடம் ஜெபத்தில் கேட்பது. பேச வராது என்று பயந்துகொண்டே வந்தவளுக்கு எது காதில் விழும்?

“இரக்கமுள்ள எங்கள் பரலோகப் பிதாவே...”

பின்னால் நின்ற பெண்கள் பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதிகாரி என்ன ஏது என்று புரியாமல் எழுந்துவிட்டார். எஸ்தர் நிறுத்துவதாக இல்லை.

“...எங்க ஊருக்கு வந்துட்டிருந்த காலை பஸ்ஸை நீர் அறிவீர் ஆண்டவரே. ரோடு போட்டாச்சி, பஸ் வரல. சவுக்குத் தோப்புல எம் புள்ள பயந்து ஓடியாந்தத நீர் பார்த்தீர். நூர்ஜஹானுக்கு வேல போயிடக் கூடாது ஆண்டவரே...” இப்படியே தெருத்தெருவாகப் போய், “ஜெபம் கேளும் எங்கள் நல்ல பிதாவே, ஆமென்” என்று முடித்தாள்.

“ஆமென்” என்றோம் நாங்கள். “ஆமீன்” என்றாள் நூர்ஜஹான்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. எஸ்தர் கண்ணைத் திறந்தாள். எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது போல. முகம் செத்துவிட்டது. ஓடிவிடுவாள் என்று நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. “ஆண்டவர்கிட்ட சொல்லிட்டீங்க. இப்ப எனக்குச் சொல்லுங்க” என்று உட்கார்ந்தார்.

சொன்னாள். கண்ணைத் திறந்துகொண்டு, அவர் முகத்தைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து. ஒரு வீடு விடவில்லை. ‘ஆண்டவரே’ இருந்த இடத்திலெல்லாம் ‘சார்’. அவ்வளவுதான் வித்தியாசம்!

“சரிம்மா, ஆவன செய்யறோம்.”

“ஆவனன்னா என்னா சார்? பஸ் என்னிக்கிலேர்ந்து வரும்?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் எஸ்தரா? அதிகாரி இரண்டு போன் போட்டார். ஒன்றாம் தேதியிலிருந்து பஸ் வரும் என்றார்.

திரும்பி வரும்போது, “எப்படிடீ கேட்ட?” என்றேன்.

“தெரிலக்கா. அத்தினி பேரும் சிரிச்சிட்டாங்க. இதுக்கு மேல என்னா ஆயிடப் போவுதுன்னு தோணிச்சி.”

யோசித்துப் பார்த்தால், நம்மில் பலருக்குத் தைரியம் இல்லாமல் இல்லை. சமையலறையில் இருக்கிறது, சர்ச்சில் இருக்கிறது, கோயிலில் இருக்கிறது. ஆபீஸ் வாசலில் மட்டும் செருப்போடு சேர்த்து அதையும் கழற்றி வைத்துவிடுகிறோம். ஒரு தடவை அசிங்கப்பட்டுவிட்டால் அந்தப் பயம் போய்விடும் போலிருக்கிறது. ஆனால் எஸ்தருக்கு ஆபீஸை விடப் பெரிய இடம் ஒன்று பாக்கி இருந்ததே... வீடு!

சௌந்தர் வாசலிலேயே நின்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ஒண்ணாந்தேதி வரட்டும், பாப்போம். அதுவரைக்கும் புள்ள வீட்லயே இருக்கட்டும்” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் முந்திக்கொண்டாள். குரல் உயரவே இல்லை.

“மாமா, நாளைக்கு ஜெனிபர் காலேஜுக்குப் போவுது. நான் உங்கள கேக்கல. சொல்றேன்.”

ஒன்றாம் தேதி பஸ் வந்துவிட்டது. அதுவரை தினமும் காலையில் ஜெனிபரை மொபெட்டில் மெயின் ரோட்டுக்குக் கூட்டிப்போய், பஸ் ஏற்றிவிட்டு வந்தது யார் என்கிறீர்கள்?

சௌந்தர்தான். எங்களைப் பார்த்தால் மட்டும் ஹாரன் அடித்துக்கொண்டே போய்விடுவார்!